மூலம் என்று வைத்தியம் பார்த்தும் ரத்தம் நிற்கவில்லை: குடல் அழற்சி நோயாக இருக்குமா?

குடியாத்தம் அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. இங்கே ஒரு லுங்கி தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறான். பொங்கலுக்கு முன்பிருந்தே வயிற்றால் போகிறது, கூடவே ரத்தமும் சளியும். மூலச்சூடு என்று சொல்லி லேகியம் கொடுத்தார்கள். மோர், வெந்தயம், கருணைக்கிழங்கு என்று வீட்டிலும் எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு நாள் குறைகிற மாதிரி இருக்கும், அப்புறம் மறுபடியும் வரும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறான். ஆளே பாதியாகிவிட்டான்.

நேற்று பார்த்த டாக்டர் குடல் அழற்சி நோயாக இருக்கலாம், கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற ஸ்கோப் பரிசோதனை) எடுக்க வேண்டும் என்றார். அம்மா அழுகிறார். ஹோட்டல் சாப்பாட்டால் வந்ததா, பரம்பரையா, எங்களுக்கும் ஒட்டுமா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஆற்காடு அக்கா:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இது ஒட்டுகிற நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தலாம்.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் வருகிற குடல் அழற்சி நோய். நானும் மூலம் என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மூலத்தில் மலம் சாதாரணமாகப் போகும், முடிவில் ரத்தம் சொட்டும் அல்லது பீய்ச்சும். எனக்கு அப்படி இல்லை. ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்தே வரும். சில நேரம் மலமே இருக்காது, வெறும் சளியும் ரத்தமும்தான். போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் இன்னும் இருக்கிற மாதிரி முக்கல் எடுக்கும். அதைவிடக் கொடுமை அவசரம். ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறினால் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறது என்பதுதான் மனதில் ஓடும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புவேன். ஒரு பெண் இதை வெளியில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனாலேயே பாதிப் பேர் காலம் தாழ்த்துகிறார்கள்.

ஸ்கோப்புக்குப் பயப்பட வேண்டாம். முந்தின நாள் குடிக்கிற பேதிக் கரைசல்தான் சிரமம். பரிசோதனை சீக்கிரம் முடிந்துவிடும், மயக்கமாக இருக்க மருந்தும் கொடுப்பார்கள்.

காட்பாடி டாக்டர்:

குடல் இரைப்பைப் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதில் மூன்று விஷயங்கள் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன: வாரக்கணக்காக ரத்தம், தூக்கத்தைக் கெடுக்கிற பேதி, எடை குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்கோப் பார்த்தே ஆக வேண்டும். "சூடு" என்று விட்டுவிடக் கூடாது. ஐ.பி.எஸ். என்று சொல்கிற குடல் எரிச்சலிலும் வயிறு வலிக்கும், பேதி போகும். ஆனால் அதில் ரத்தம் வராது, உடம்பு இளைக்காது, பொதுவாகத் தூக்கத்திலிருந்து எழுப்பவும் செய்யாது. குடல் அழற்சி நோயை ஐ.பி.டி. என்பார்கள், பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

குடல் அழற்சி நோய் என்பதில் முக்கியமாக இரண்டு உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலை மட்டும் பிடிக்கும். மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு பெருங்குடல் முழுக்கப் போகும். புண் உட்புறத் தோலோடு இருக்கும், ஆழமாக இறங்காது. ஸ்கோப்பில் பார்த்தால் சிவந்து, வழக்கமாகத் தெரிகிற ரத்தநாளக் கோடுகள் மறைந்து, கருவி பட்டாலே ரத்தம் கசியும். ஆகவேதான் ரத்தபேதி இதன் முதல் அடையாளம்.

குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடம் அதற்குப் பிடித்தமான இடம். ஒரு பகுதி புண், அடுத்த பகுதி நன்றாக, மறுபடி புண் என்று விட்டு விட்டு வரும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். அதனால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம், பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ துளை போட்டுக்கொண்டு போகலாம். இதில் ரத்தத்தைவிட வயிற்று வலி, குறிப்பாக வலது அடிவயிற்றில், சாப்பிட்டதும் முறுக்குகிற வலி, காய்ச்சல், இளைப்பு ஆகியவைதான் முன்னே நிற்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் இதை விவரித்து எழுதினார்கள். அகரவரிசையில் முதலில் இருந்ததால் குரோன் பெயர் நின்றுவிட்டது.

இரண்டும் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும். சம்பாதிக்கிற, கல்யாணம் பேசுகிற வயது. அதனால்தான் வீடே ஆடிப்போகிறது.

வாணியம்பாடி பாய்:

டாக்டர் சார் சொன்னதில் துளை போடும் என்று ஒரு வரி வந்ததே, அது என் கதை. ஆசனவாய் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிந்தது. பவுத்திரம் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஆறி, மறுபடி வேறு பக்கம் வந்தது. மறுபடி ஆபரேஷன். யாருமே "வயிறு எப்படி இருக்கிறது" என்று கேட்கவில்லை. எனக்கு அடிக்கடி வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போட்டு வலிக்கும், அதை நானும் வாயு என்றுதான் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு இளம் டாக்டர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஸ்கோப்புக்கு எழுதினார்.

அதோடு முடியவில்லை. குடல் டிபியாக இருக்கும் என்று முதலில் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம்தான் குரோன்ஸ் என்று முடிவானது. ஏன் இப்படி, இரண்டையும் முதலிலேயே பிரித்துச் சொல்ல முடியாதா? பல வருடமாக மனதில் இருக்கிற கேள்வி.

காட்பாடி டாக்டர்:

பாய், நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிப் பேசினால் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

குடல் டிபியும் குரோன்ஸும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும், அந்தச் சிறுகுடல், பெருங்குடல் சந்திப்பை. இரண்டிலும் வலி, காய்ச்சல், இளைப்பு, அடைப்பு. இரண்டிலும் பயாப்சியில், அதாவது துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனையில், கிரானுலோமா என்கிற முடிச்சுகள் தெரியலாம். டிபியில் அது பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் செத்த திசுவோடு இருக்கும். குரோன்ஸில் சிறியதாக, தனித்தனியாக இருக்கும். புண்ணின் வடிவத்திலும் வித்தியாசம் உண்டு: டிபி புண் குடலைச் சுற்றி வளையம்போல் ஓடும், குரோன்ஸ் புண் குடலின் நீளவாக்கில் போகும். டிபியில் வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ, நெறிகட்டி நடுவில் அழுகியிருந்தாலோ, நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தாலோ டிபி என்று சொல்ல நமக்குச் சாதகம். உங்களைப்போல் ஆசனவாயில் திரும்பத் திரும்பப் பவுத்திரம் வருவது குரோன்ஸ் பக்கம் சாயும்.

புத்தகத்தில் இது தெளிவாக இருக்கும். நிஜ நோயாளியிடம் இருக்காது. குடலில் டிபி கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இரண்டுமே நிஜமான டிபியிலும் பல தடவை இல்லை என்று காட்டிவிடும். சந்தேகம் தீராதபோது டிபி மருந்தை முதலில் கொடுப்பதற்குக் காரணம் ஒன்றுதான். டிபி உள்ளவருக்குக் குரோன்ஸ் என்று எதிர்ப்பு சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகும். குரோன்ஸ் உள்ளவருக்கு டிபி மருந்து கொடுத்தால் நாள் வீணாகும், ஆனால் அவ்வளவு கேடு வராது.

அந்த நாள் வீணாவதும் சின்ன விஷயம் இல்லை. அதற்குள் குடல் சுருங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது இரண்டு மூன்று மாதத்திலேயே மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். டிபியாக இருந்தால் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். பசி எடுக்கிறது, எடை கூடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, குரோன்ஸிலும் சிலருக்கு டிபி மாத்திரையில் கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும். புண் ஆறியதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். டிபி மாத்திரை சாப்பிடும் யாரும் இதைத் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

ராணிப்பேட்டை சிப்காட்:

எனக்குப் பொதுவான சந்தேகம். எங்கள் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். பாலாற்றுத் தண்ணீர்தான் காரணமோ?

காட்பாடி டாக்டர்:

குரோமியம் கலந்த தண்ணீர் வேறு பல கேடுகளைச் செய்யும், அதற்காகப் போராடுவது நியாயம். ஆனால் அதைக் குடல் அழற்சி நோய்க்கான காரணம் என்று யாரும் நிறுவவில்லை. தோல் ஷாப் இல்லாத ஊர்களிலும் இந்த நோய் இப்போது கூடிக்கொண்டுதான் போகிறது.

ஒற்றைக் காரணம் என்று ஒன்று கிடையாது. நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றோடு சமாதானமாக இருக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஏதோ ஒரு கட்டத்தில் சண்டையைத் தொடங்கி அதை நிறுத்தத் தெரியாமல் போய்விடுகிறது. யாருக்கு அப்படி ஆகும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2001-இல் கண்டுபிடித்த நாட்-2 என்ற மரபணு முதல் இன்றைக்கு 200-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் தெரியும். மேலைநாட்டவரிடம் பேசப்படும் நாட்-2 மாற்றங்கள் இந்தியர்களிடம் அரிது. மரபணு மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு: ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தால், மற்றவருக்கு வராமல் போவதுதான் அதிகம்.

சுற்றுச்சூழல் பக்கம் தெரிந்தவை: குழந்தைப் பருவத்தில் அடிக்கடி ஆன்டிபயாடிக், நார்ச்சத்து குறைந்து பாக்கெட் உணவு கூடிய சாப்பாடு, புகை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அதிகமாக இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு தலைமுறையில் மரபணு மாறாது, வாழ்க்கை மாறும். நம் ஊரிலும் அந்த மாற்றம் கண்முன் நடக்கிறது.

ஒரு பிரியாணியால் இந்த நோய் வராது. கவலையாலும் வராது. மன அழுத்தம் இருக்கிற நோயைக் கிளறிவிடலாம், அவ்வளவுதான். நோயாளியைப் பார்த்து "நீ வெளியில் தின்றதால்தான்" என்று சொல்கிற சொந்தக்காரர்களிடம் தயவுசெய்து இதைக் காட்டுங்கள்.

போளூர் வாத்தியார்:

இந்த ஜில்லாவுக்குக் குடல் நோய் புதிது இல்லை. எங்கள் அப்பா காலத்தில் ஊர் ஊராகப் பேதி வந்து, தேறாமல், வாய் புண்ணாகி, எலும்பும் தோலுமாகச் செத்துப்போனவர்கள் உண்டு என்று சொல்வார். வேலூரிலிருந்து டாக்டர்கள் ஜீப்பில் வந்து ஊரிலேயே தங்கிப் பரிசோதனை செய்தார்களாம். அதுவும் இதுவும் ஒன்றா?

காட்பாடி டாக்டர்:

ஐயா, அது பெரும்பாலும் ஸ்ப்ரூவாக இருக்கும். 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய்போல் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் செய்த அந்த ஆய்வுகளை உலகம் முழுக்கக் குடல் மருத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அது வேறு நோய். சிறுகுடல் சத்தை உறிஞ்ச முடியாமல், வெளுத்து, கொழுப்பாக, அதிகமாக மலம் போகும், ரத்தம் வராது. ஃபோலிக் ஆசிட், பி-12, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் தேறுவார்கள். இன்று ஸ்ப்ரூ அரிதாகிவிட்டது, அந்த இடத்தில் இந்த நோய் கூடுகிறது. இந்த ஜில்லாவில் வேலை பார்க்கிற எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம்.

ஆம்பூர் வாசி:

பீடி, சிகரெட் பிடித்தால் பெருங்குடல் நோய்க்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? பழைய சோறு சாப்பிட்டால் குணமாகும் என்றும் ஒரு வீடியோ சுற்றுகிறது.

காட்பாடி டாக்டர்:

புகை பிடிப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவாக வருகிறது, விட்ட பிறகு சிலருக்குத் தொடங்குகிறது என்பது உண்மை. அதற்காகப் புகையை மருந்தாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். குரோன்ஸில் புகை நேர்மாறாக நோயை முற்ற வைக்கும், ஆபரேஷனுக்குத் தள்ளும். புற்றுநோய், மாரடைப்பு எல்லாம் தனி.

பழைய சோறு பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆய்வு தொடங்கிய செய்தி வந்தது. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடக் கூடாது. குடலில் சுருக்கம் இருப்பவர்கள் மட்டும் சக்கை அதிகமுள்ள காய், பழத் தோல், கொட்டை வகைகளில் கவனமாக இருக்க வேண்டும்.

ஆரணி அம்மா:

என் மகளுக்கு 13 வயது. வயிற்றுக் கோளாறு என்று பெரிதாக எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் வகுப்பில் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள், இவள் அப்படியே நிற்கிறாள். ரத்தசோகை. முழங்கால் வீங்குகிறது. கண் சிவந்து வலிக்கிறது. எலும்பு டாக்டர், கண் டாக்டர் என்று தனித்தனியாகப் பார்த்தோம். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

காட்பாடி டாக்டர்:

அம்மா, பயப்படாமல் குழந்தைகளுக்கான குடல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நீங்கள் சொன்ன நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அதுதான் முக்கியம். இந்த நோய் குடலுக்கு வெளியிலும் முகம் காட்டும். முழங்கால், கணுக்கால் வீக்கம், முதுகெலும்பின் அடியில் காலை விறைப்பு, கண்ணில் வலியோடு சிவப்பு, காலில் வலிக்கிற சிவந்த முடிச்சுகள், வாய்ப்புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள சிலருக்குப் பித்தக் குழாய்கள் சுருங்குகிற நோயும் வரும். குழந்தைகளில் குரோன்ஸ் சில நேரம் வளர்ச்சி நின்றுபோவதாக மட்டுமே வெளிப்படும், வயதுக்கு வருவதும் தள்ளிப்போகும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் குடலில் அழற்சி இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளலாம்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். இவை குடல் நோயைக் கிளறும்.

குடியாத்தம் அண்ணன்:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஸ்கோப் முடிந்தது. மலக்குடலிலிருந்து இடது பக்கம் பாதி தூரம் வரை சிவந்து புண்ணாக இருக்கிறது, அதற்கு மேல் நன்றாக இருக்கிறதாம். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மலத்திலும் கிருமி பார்க்கச் சொன்னார்கள். இடதுபக்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று எழுதி அழற்சியைக் குறைக்கிற மெசலமைன் மாத்திரையும் பின்வழி எனிமாவும் கொடுத்தார்கள். எனிமா வேண்டாம், மாத்திரை போதும் என்கிறான். கல்யாணம் ஆகுமா என்று அம்மா கேட்கிறார்.

ஆற்காடு அக்கா:

எனிமாவை விடச் சொல்லாதீர்கள். நானும் முதலில் கூச்சப்பட்டேன். ராத்திரி படுக்கும்முன் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிட வேண்டும். முதல் சில நாள் உள்ளே நிற்காது, அப்புறம் பழகிவிடும். எனக்கு ரத்தம் நின்றது அதற்கு அப்புறம்தான்.

கல்யாணத்துக்கு என்ன? எனக்கு ஆகி இரண்டு பிள்ளைகள். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தேன், மாத்திரையை நிறுத்தவில்லை. பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காட்பாடி டாக்டர்:

அக்கா சொன்னது சரி. புண் இடது பக்கத்தில் இருக்கும்போது மருந்து நேராகப் புண்ணில் படுவது நல்லது, மாத்திரையும் எனிமாவும் சேர்ந்தால் தனி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். மலத்தில் கிருமி பார்த்ததும் சரியே. அமீபா சீதபேதி இதே மாதிரி தெரியும், அதை விலக்காமல் ஸ்டீராய்டுக்குப் போகக் கூடாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோய் இருந்தாலும் 100 பிள்ளைகளில் 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு வராது. அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. நிறுத்தினால் திரும்ப வரும். பெருங்குடலில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டவர்கள், இவரைப்போல் இடது பக்கம் உள்ளவர்களும், நோய் தொடங்கி 8 ஆண்டு ஆனதும் புற்றுநோய்க்கான கண்காணிப்பு ஸ்கோப் தொடங்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வகுத்தது, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு நாளில் ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போய், அதனுடன் நாடித் துடிப்பு 90-க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு (சுமார் 100 ஃபாரன்ஹீட்) மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். 30-க்கு மேல் என்பதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஓ.பி.யில் வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் அட்மிட் ஆக வேண்டும். வயிறு உப்பிக் கல்லுபோல் ஆகிவிட்டால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் வேலூர் பக்கத்தில் அடுக்கம்பாறை இருக்கிறது.

குடியாத்தம் அண்ணன்:

இப்போது நாளைக்கு நான்கு முறை போகிறது, காய்ச்சல் இல்லை, ஹீமோகுளோபின் 11. இந்தக் கணக்கை எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பயாப்சி முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

வாணியம்பாடி பாய்:

தம்பி, பயாப்சி ஸ்லைடையும் ஸ்கோப் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் வெறும் சீட்டை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் சொல்ல முடியாது. நான் முதல் ஸ்கோப் படங்களை வாங்காமல் விட்டதால் எல்லாப் பரிசோதனையையும் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.